இரவல் பேரில் ஒரு கடை

2025 ஜூன் 3, செவ்வாய்

மூன்றாவது நாளாக மழை. ரப்பர் மரம் நனைந்தால் பால் வெட்டு இல்லை. பால் வெட்டு இல்லாத நாளில் தோட்டத்து லய வீடுகளில் யாரும் பேக்கரிப் பாண் வாங்குவதில்லை, இருக்கிற மாவில் ரொட்டி தட்டிக்கொள்வார்கள். இது தெரிந்தும் இன்று இருபது ராத்தல் எடுத்தேன். ஒன்பது மீதி. என் பிழைதான்.

லயத்து வேலுசாமி வந்து ஒரு பாணை விரலால் தட்டிப் பார்த்தான்.

"முதலாளி, இது பாணா, கதவுப் பலகையா? கத்தி எறங்குமா?"

"எறங்கலேன்னா வாள் தர்றேன், எடுத்துக்கிட்டுப் போ."

"வாளுக்குத் தனிக் காசா?"

கடைசியில் இரண்டு வாங்கிக்கொண்டு போனான். வாயாடுகிறவன் வாங்குவான். பேசாமல் தட்டிப் பார்க்கிறவன்தான் வாங்கமாட்டான்.

மத்தியானம் மாவனல்லையிலிருந்து றிப்தா போன் எடுத்தாள். ஜுனைத் ஹாஜியாரின் மகள். ஹாஜியார் தவறி ஏழு மாதம் ஆகிறது. பெருநாள் முடிந்ததும் கணவரோடு ஒரு நடை வருகிறாளாம். "சும்மாதான் அங்கிள், பார்த்துட்டுப் போக."

மாவனல்லையிலிருந்து எஹலியகொடைக்கு யாரும் சும்மா வருவதில்லை.

ஜூன் 12, வியாழன்

வந்தார்கள். கையில் பெருநாள் வட்டிலாப்பம். றிப்தாவின் கணவர் உள்ளே வந்து உட்காரவில்லை. வெளியே நின்று கடையின் முகப்பைக் காலடியால் அளந்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"வாப்பா உங்களப் பத்தி எப்பவும் நல்லதுதான் செல்லுவார் அங்கிள்."

"ஹாஜியார் இல்லேன்னா நான் இன்னும் சைக்கிள்ல பாண் வித்துக்கிட்டிருப்பேன்மா."

"அதான்... செல்றதுக்கு ஒரு மாதிரியா ஈக்கி. இவருக்குக் கட்டார்ல வேல இல்லாமப் போய்ட்டு. வாப்பாட பேர்ல ஈக்கிறது இந்தக் கடை ஒண்டுதான். விக்க வேண்டி வந்தீக்கி."

"பேர் மட்டுந்தான் அவரோடது. காசு குடுத்து வாங்கினது நான்."

"அதுக்கு ஏதாச்சும் எழுத்து ஈக்கா அங்கிள்?"

அவள் குத்திக் கேட்கவில்லை. இருந்தால் சந்தோஷப்படுவாள் போலத்தான் கேட்டாள்.

"ஹாஜியாருக்கும் எனக்கும் நடுவுல எழுத்து எதுக்கு?" என்றேன். ஒரு வியாபாரி பேசுகிற பேச்சா இது? வேறு எவனாவது என் முன்னால் சொல்லியிருந்தால் முகத்துக்கு நேரே சிரித்திருப்பேன்.

நான் கொடுத்தது அட்வான்ஸ் என்றுதான் அவளுக்கு ஹாஜியார் சொல்லியிருக்கிறார். அதை அப்படியே திருப்பித் தருவார்களாம். 1997ஆம் வருஷத்துக் காசு. அதில் இன்று ஒரு பிரிட்ஜ்கூட வாங்க முடியாது. செப்டம்பர் முடியும்வரை தவணை.

வட்டிலாப்பம் நன்றாக இருந்ததாக என் பெண்சாதி விஜயகலா சொன்னாள். எதற்கு வந்தார்கள் என்று கேட்டாள். சும்மா என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் கடையில் ஈ காக்கை இல்லை. எழுத நல்ல நேரம்.

இந்த மூலையில் இருந்தவர்களை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். தோட்டத்துப் பாதை பெரிய ரோட்டில் வந்து சேரும் இடம். லயத்துச் சனம் இறங்கி வந்தாலும் கிராமத்துச் சிங்களச் சனம் பஸ்சுக்கு வந்தாலும் இதைத் தாண்டித்தான் போக வேண்டும். முதலில் நாகலிங்கம் என்பவர் போட்ட அரிசிக் கடை. எட்டுப் பலகைக் கதவு அவர் செய்வித்தது. ஒவ்வொரு பலகையிலும் இலக்கம் வெட்டியிருக்கிறார், வரிசை மாறினால் பூட்டாது. எழுபத்து மூன்றில், எங்கள் ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய ஒப்பந்தத்தில், அவருக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்து குடும்பத்தோடு கப்பலேறினார். கப்பலேறுகிறவனுக்கு விலை பேச நேரம் இருக்காது. ஹாஜியாரின் வாப்பா பாதி விலைக்கு வாங்கினார் என்று என் அப்பா சொல்வார். என் அப்பா பால் வெட்டுகிறவர். அவருக்கு இந்தக் கடையில் பின்பக்கம் நின்றுதான் சாமான் வாங்கிப் பழக்கம்.

பிறகு ஹாஜியார். எண்பத்தாறில் அவருக்கு மாவனல்லை பஸாரில் பெரிய கடை கிடைத்தது. இதை எங்கள் தோட்டத்து அந்தனி அண்ணனுக்குக் கொடுத்தார். அந்தனி அண்ணன் காசு கொடுத்து வாங்கினார், ஆனால் பேர் மாறவில்லை. மாற்ற முடியாது. அவருடைய அப்பா இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அங்கே போகாமல் இருந்த ஆள். ஆக, அந்தனி அண்ணன் அந்த நாட்டுக்காரரும் இல்லை, இந்த நாட்டுக்காரரும் இல்லை. பிரஜாவுரிமை இல்லாதவன் பேரில் உறுதிப் பத்திரமும் முடிக்க முடியாது, வியாபார லைசனும் எடுக்க முடியாது. எங்கள் ஆட்களில் கடை வைத்த பாதிப் பேர் இப்படித்தான் இன்னொருவர் பேரை இரவல் வாங்கி நடத்தினார்கள். ஹாஜியார் தன் பேரை விட்டுவைத்தார். அதற்கு ஒரு சதம் கேட்கவில்லை. அதையும் எழுத வேண்டும்.

அந்தனி அண்ணனுக்குப் பிறகு நான். எனக்கும் அப்போது பிரஜாவுரிமை இல்லை. எனக்கும் அதே இரவல் பேர். இருபத்தெட்டு வருஷம். இன்றைக்கும் லயத்தில் அந்தனி கடை என்றுதான் சொல்கிறார்கள்.

ஜூன் 19, வியாழன்

விஜயகலாவிடம் சொல்லிவிட்டேன். கடைக்குப் பின்னால் எங்கள் வீட்டில் வெங்காயம் புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைத்தாள்.

"ரெண்டாயிரத்து மூணுல சட்டம் வந்து எல்லாருக்கும் பிரஜாவுரிமை குடுத்தாங்களே. அன்னைக்கே போயி மாத்தியிருக்க வேண்டியதுதானே?"

"ஹாஜியார் மனசு கஷ்டப்படும்னு கேக்கல."

"அவரு மனசு கஷ்டப்படாமப் போய்ச் சேந்துட்டாரு. நம்ம நெலம? ஊருக்கெல்லாம் எழுத்துப் பாத்து வாங்கு, கையெழுத்துப் பாத்து வையின்னு புத்தி சொல்ற வாயி, இதுக்கு மட்டும் ஏன் மூடிக்கிட்டிருந்திச்சு?"

இனி மூன்று நாள் பேசமாட்டாள். பேசாமல் இருப்பதும் நல்லதுதான்.

ஏன் மாற்றவில்லை? ஹாஜியார் மனசு கஷ்டப்படும் என்பது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. உறுதி முடிக்கப் போனால் இதற்கு முன் யார் இருந்தது, அவர்கள் எப்படிப் போனார்கள் என்று கேட்பார்கள். அந்தப் பேச்சை ஹாஜியார் முன்னால் எடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

ஜூன் 27, வெள்ளி

இரத்தினபுரிக்குப் போய் ஒரு லோயரைப் பார்த்தேன். கெட்டிக்கார மனிசன், சுற்றி வளைக்கவில்லை.

"பேர் அவருடையது, பொருள் உங்களுடையது என்று சொல்லலாம். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்னால் போதாது. ஹாஜியார் பேரை மட்டும்தான் கொடுத்தார், காசு வாங்கிக்கொண்டு கடையை விட்டார், அந்தக் காலத்தில் வழக்கமே அப்படி என்று இன்னொருவர் சொல்ல வேண்டும். கண்ணால் கண்டவர். அப்படி யாராவது உயிரோடு இருக்கிறார்களா?"

நான் காசு கொடுத்தபோது கூட நின்ற தோட்டத்துக் கணக்கப்பிள்ளை செத்துவிட்டார். அந்தக் காசை எண்ணிய பேக்கரிக்காரரும் இல்லை.

ஒருவர் இருக்கிறார் என்றேன். அந்தனியின் பெண்சாதி சூசையம்மா. ஓப்பநாயக்கப் பக்கம் ஒரு தோட்டத்தில் மகளோடு இருப்பதாகக் கேள்வி.

"பிறகென்ன? போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்றார், கடைக்குப் போய் உப்பு வாங்கி வா என்கிற மாதிரி.

ஜூன் 28, சனி

சூசையம்மாவிடம் போக முடியாது.

ஜூலை 6, ஞாயிறு

ஜூன் பதினைந்தாம் தேதி எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். அந்தனி அண்ணனுக்குப் பிறகு நான் இல்லை. நடுவில் ஆறு மாதம் சூசையம்மா அக்கா நடத்தினார்.

இந்தக் கொப்பியை விஜயகலா வாசிப்பதில்லை. எனக்கு நானே மறைத்து என்ன ஆகப்போகிறது? எழுதிவிடுகிறேன்.

அந்தனி அண்ணன் தொண்ணூற்றாறு கடைசியில் அவிசாவளை ரோட்டில் லொறியில் அடிபட்டுப் போனார். அக்கா மூன்று வயதுப் பிள்ளையை சீனி மூடைக்குப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு கடையை நடத்தினார். நன்றாகவே நடத்தினார். நான் அப்போது பேக்கரிச் சைக்கிளில் பாண் போடுகிறவன். தினமும் காலையில் அந்தக் கடைக்குத்தான் முதல் பாண். தினமும் அந்த மூலையைப் பார்ப்பேன். இது என் கையில் இருந்தால் எப்படி நடத்துவேன் என்று நினைப்பேன். அங்கே அரிசி, இங்கே கருவாடு, இந்தப் பக்கம் ஒரு பெஞ்சு. விஜயகலா வயிற்றில் பிள்ளை. லயத்துக் காம்பராவில் அந்தப் பிள்ளை பிறக்கக் கூடாது என்று இருந்தேன்.

அடுத்த வருஷம் ஒரு நாள் பேக்கரி லொறியில் மாவனல்லைக்குப் போனேன். ஹாஜியாரைக் கண்டேன். கடை எப்படிப் போகிறது என்று கேட்டார். நான் சொன்னேன்:

"நல்லாப் போகுது ஹாஜியார். சாயங்காலத்துலதான் ஆம்பளைங்க கூட்டம் கொஞ்சம் கூட. கசிப்புப் போத்தல் ஏதோ விக்கிறாங்கன்னு லயத்துல ஒரு பேச்சு."

அப்படி ஒரு பேச்சு லயத்தில் இருக்கவில்லை. நான் சொன்ன பிறகு இருந்தது.

ஹாஜியார் ஐந்து வேளை தொழுகிறவர், கள்ளச் சாராயம் என்ற பேச்சே ஆகாது. "என்ட பேர்ல ஈக்கிற கடையிலயா?" என்று ஒரு தடவைதான் கேட்டார். அவர் வேறு யாரிடமும் விசாரிக்கவில்லை. பேர் கெட்டுப் போகிற விஷயத்தில் விசாரிப்பதே ஒரு கேடு என்று நினைக்கிற ஆள். அதுவும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. மூன்றாம் வாரம் அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அந்தனி அண்ணன் கொடுத்த காசு, பதினொரு வருஷத்துக்கு முந்திய காசு, அப்படியே அவர் கைக்குப் போனது. அடுத்த மாதம் பலகையைத் திறந்தது நான்.

எத்தனை வார்த்தை நான் சொன்னது? பதினைந்து இருக்குமா?

ஜூலை 20, ஞாயிறு

போனேன். வேனில் போய்வர ஒரு நாள் முழுக்கப் போய்விட்டது. ஆப்பிள் ஒரு பை, பிஸ்கட் ஒரு பெட்டி. வழியெல்லாம் திரும்பிவிடலாமா என்றுதான் ஓட்டினேன்.

தேயிலைக்கு நடுவே கடைசி லயம். வாசலில் கோழிக்குக் குருணை போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணைச் சுருக்கினார்.

"யாரு... பாண்காரத் தம்பியா?"

இருபத்தெட்டு வருஷம் முதலாளி. அவருக்கு இன்னும் பாண்காரன்.

"ஆமாக்கா."

"உள்ள வாங்க, உள்ள வாங்க. ஏ ஸ்டெபானி, தேத்தண்ணி போடு. யாரு வந்திருக்காங்கன்னு பாரு. உனக்கு பணிஸ் கொண்ணாந்து குடுப்பாரே, அந்தத் தம்பி."

பணிஸ் கொடுத்தது எனக்கு ஞாபகம் இல்லை.

மகள் தோட்டத்துப் பாலர் பாடசாலையில் டீச்சராம். அக்கா கடையைப் பற்றிக் கேட்டார். நடுத் தூண் இன்னும் கறையான் அரிக்கிறதா என்று.

"கொங்கிரீட் போட்டுட்டேன்கா."

"நல்லது. மாத்தணும் மாத்தணும்னு அவரு சொல்லிக்கிட்டே இருந்தாரு. மாத்தாமலே போயிட்டாரு."

வந்த விஷயத்தைச் சொன்னேன். வாயில் கையை வைத்தார். பிறகு சிரித்தார்.

"அடப் பாவமே, உங்களையுமா? அந்தக் கடைக்கு இதே வேலையாப் போச்சா?" என்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் வந்து சொல்றேன் தம்பி. என் தாலிக்கொடியும் நாலு காப்பும் வித்துக் குடுத்த காசு. ஹாஜியார் மேசையில வச்சு எண்ணினாரு, நான் பக்கத்துல நின்னேன். எந்தக் கோட்டுல வேணும்னாலும் சொல்றேன். உண்மையச் சொல்றதுக்கு என்ன?"

"என் மேல கோவம் இல்லையாக்கா?" ஏன் கேட்டேனோ.

"உங்க மேல என்னத்துக்கு? நீங்க இல்லேன்னா இன்னொருத்தன் வந்திருப்பான். என்னைய எறக்கினது அந்தச் செபஸ்தி."

செபஸ்தியம்மா அந்தனி அண்ணனின் தங்கச்சி. எஹலியகொடையில் எங்கள் தோட்டத்தில்தான் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் செத்துப்போனார். கூடை பின்னிக்கொண்டே ஊர்ப் பேச்சு எல்லாம் பேசுகிற மனுஷி. எனக்குப் பழக்கம்தான்.

"அண்ணன் கடையில எனக்கும் பங்குன்னு சண்டை போட்டுக்கிட்டுத் திரிஞ்சா. அவ வாய் சும்மா இருக்காது. ஹாஜியார் காதுல போட்டது அவதான். நான் இல்ல, நான் இல்லன்னு மாதா சுரூபத்துக்கு முன்னால சத்தியம் பண்ணினா. சத்தியம் பண்ணின மூஞ்சியில காறித் துப்பிட்டு வந்தேன். இருபத்தாறு வருஷம் பேச்சு இல்ல. சாகக் கெடந்தப்போ சூசையப் பாக்கணும்னு ஆளனுப்பினா. போகல. அடக்கத்துக்கும் போகல."

தேத்தண்ணி வந்தது. குடித்தேன். சூடு தெரியவில்லை.

வேன்வரைக்கும் ஸ்டெபானி கூட வந்தாள். "அம்மா இவ்வளவு பேசி நான் பாத்ததே இல்ல அங்கிள்" என்றாள்.

ஜூலை 21, திங்கள்

சீனி மூடை வந்தது. நிறுத்துப் பார்க்காமல் இறக்கினேன்.

ஜூலை 24, வியாழன்

லோயருக்குச் சந்தோஷம். இப்படி ஒரு சாட்சி கிடைப்பது அதிர்ஷ்டம் என்றார். உங்களால் கடையை இழந்தவரே உங்களுக்காக வருகிறார், நீதிபதி அதைக் கட்டாயம் பார்ப்பார் என்றார். 'உங்களால்' என்று அவர் சொன்னது சும்மா வாய்த் தவறு.

ஒரு மாதத்துக்குப் பிறகு விஜயகலா பேசத் தொடங்கிவிட்டாள். "அந்தக்கா தங்கமான மனுஷிங்க. கேஸ் முடிஞ்சதும் ஒரு சேலை எடுத்துக்கிட்டுப் போயிட்டு வரணும்" என்றாள்.

ஆகஸ்ட் 9, சனி

ஸ்டெபானி போன் எடுத்தாள். கோட்டுக்கு எப்போது என்று அம்மா கேட்கிறாராம்.

"கண்ணாடி முன்னுக்கு நின்னு சொல்லிச் சொல்லிப் பாக்குது அங்கிள். 'என் பேர் சூசையம்மா, நான் கசிப்பு வித்தவ இல்ல'ன்னு அதையும் சொல்லப் போகுதாம். கேஸ் அதுக்கில்லம்மான்னா கேக்குதில்ல. எல்லார் முன்னாலயும் ஒரு தரம் சொல்லணுமாம்."

ஆகஸ்ட் 13, புதன்

வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்ன நடக்கும்? கடை என்னுடையது ஆகும். அக்கா சபையில் நின்று தன் பேரைச் சுத்தப்படுத்திக்கொள்வார். விஜயகலா இந்த வயதில் வீடு வாசல் தேடி அலைய வேண்டாம். செபஸ்தியம்மா செத்துவிட்டார், செத்தவருக்கு இனி வலிக்கப்போவதில்லை. றிப்தாவுக்குக் கொஞ்சம் நட்டம், அவ்வளவுதான்.

எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் நியாயம் என் பக்கம்தான் வருகிறது. அதுதான் பயமாக இருக்கிறது. தொண்ணூற்றேழிலும் இப்படித்தான் வந்தது. பெண் தனியாக எத்தனை நாள் நடத்துவார், எப்படியும் விடத்தான் போகிறார், நான் எடுத்தால் கடை நிற்கும். அன்றைக்கும் அந்த நியாயத்தில் ஒரு ஓட்டை கிடையாது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மறுபடி ஓப்பநாயக்க. இந்தத் தடவை கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை.

அக்கா வாசற்படியில் உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

"அக்கா, ஹாஜியார்கிட்ட சொன்னது செபஸ்தியம்மா இல்ல."

"பின்ன யாரு?"

"நான்."

அரிசியிலிருந்து ஒரு கல்லை எடுத்து முற்றத்தில் போட்டார். நான் சொன்னது காதில் விழவில்லையோ என்று நினைத்தேன்.

"என்ன சொன்னீங்க?"

"கசிப்பு விக்கிறதா லயத்துல பேச்சுன்னு சொன்னேன். அப்படி ஒரு பேச்சும் இருக்கல. கடை எனக்கு வேணும்னு சொன்னேன்."

"செபஸ்தி இல்லையா?"

"இல்லக்கா."

"அவளும் சேந்து சொல்லலையா?"

"அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"சத்தியம் பண்ணினாளே..." என்றார். பிறகு இன்னொரு தடவை, யாரிடமோ கேட்கிற மாதிரி, "அப்ப செபஸ்தி இல்லையா?"

கடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாலிக்கொடியைப் பற்றிக் கேட்கவில்லை. மூன்று தடவையும் செபஸ்தியைப் பற்றித்தான் கேட்டார். நான் இவ்வளவு நாளும் கடையை மட்டும்தான் எடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுளகை இறக்கி வைத்தார். பாதி அரிசி சிந்தியது. கோழிகள் ஓடிவந்தன. அவர் விரட்டவில்லை.

"போ" என்றார்.

அக்கா என்னை ஒருநாளும் ஒருமையில் பேசியதில்லை. சைக்கிளில் பாண் போட்ட காலத்திலும் 'வாங்க தம்பி'தான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

விஜயகலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன்.

"கடை கெடைச்சிச்சுன்னு நான் முழுகாம இருந்த வயித்தோட பால்குடம் எடுத்தேன். எதுக்கு எடுத்தேன்னு இப்பத்தான் தெரியுது" என்றாள். எழுந்து போய் அடுப்பை ஊதினாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

லோயருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். சாட்சி வரமாட்டார் என்றேன். வேறு மாதிரிக் கொண்டுபோகலாம், முயற்சி செய்யலாம் என்றார். பைலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

றிப்தாவுக்குப் போன் எடுத்து அவளுக்கும் சொன்னேன். அவள் வாப்பாவை நான் எப்படி ஏமாற்றினேன் என்பதை.

"வாப்பா ஒரு நாள் உம்மாகிட்ட செல்லிக் கேட்டீக்கேன். ஒரு கைம்பொண்ணயும் பிள்ளயயும் எறக்கிட்டேன், விசாரிச்சிருக்கணும்னு. அந்தக் கடப் பக்கம் அவர் பொறகு வரவே இல்ல, உங்களுக்குத் தெரியும்தானே."

தெரியும். வேலை அதிகம் என்றுதான் நினைத்திருந்தேன்.

"விக்கிற பேச்சு முடிஞ்சி அங்கிள். அட்வான்ஸும் வாங்கிட்டோம். இனி எனக்கு ஏலாது" என்றாள். சூசையம்மா அக்காவின் விலாசத்தைக் கேட்டாள். கொடுத்தேன். எனக்குத் தர வேண்டியதை அங்கேயே கொடுத்துவிடச் சொன்னேன். அவர்கள் வாங்குவார்களா என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மிச்சச் சாமானை எல்லாம் விலை குறைத்துத் தள்ளினேன். தராசை விற்கவில்லை.

வேலுசாமி வந்தான். "என்ன முதலாளி, எங்களையெல்லாம் விட்டுட்டுக் கொழும்புக்கா?" என்று கேட்டான்.

"கொழும்புல என்னைய யாரு எடுப்பா? வேன்ல சாமான் போட்டு லயத்துக்கு லயம் வருவேன். உன் வாசல்லயே வந்து ஹோன் அடிப்பேன்."

"அப்ப பாண் சூடா வருமா?"

"வரும், வரும்."

சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ஒன்றுமில்லாமல் கருவாட்டுப் பெட்டியை நகர்த்தி வைத்தான்.

செப்டம்பர் 30, செவ்வாய்

றிப்தாவின் கணவர் வந்து சாவியை வாங்கிக்கொண்டார். பலகை எந்த வரிசையில் போடுவது என்று காட்டிக் கொடுத்தேன். தேவையில்லை என்றார். வாங்குகிறவர் கண்ணாடிக் கதவு போடுகிறாராம்.

அக்டோபர் 16, வியாழன்

எஹலியகொடை டவுனுக்குப் பின்னால் இரண்டு அறை, வாடகைக்கு. விஜயகலாவுக்கு மாடிப்படி முழங்காலை வாங்குகிறது. வாய் திறந்து சொல்வதில்லை.

வேன் வியாபாரம் மோசமில்லை. காலையில் மூலையைத் தாண்டும்போது இடது பக்கம் பார்ப்பதில்லை. வளைவு, ரோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 30, வியாழன்

ஸ்டெபானி போன் எடுத்தாள். குரலில் முன்னைய சிநேகம் இல்லை. 'அங்கிள்' இல்லை.

"ஞாயித்துக்கெழம கல்லறைத் திருநாள். அம்மா எஹலியகொடைக்குப் போகணுமாம். செபஸ்தி அத்தையோட கல்லறைக்கு. உங்க வேனைக் கொண்டுவரச் சொல்லுது."

"அம்மா என்னோட பேசுறாங்களாமா?"

"அதெல்லாம் தெரியாது. வேன் வேணுமாம். நீங்கதான் ஓட்டணுமாம்."

நவம்பர் 2, ஞாயிறு

விடிய முன் புறப்பட்டு எட்டு மணிக்கு ஓப்பநாயக்க. அக்கா பின் சீட்டில் ஏறினார். வெள்ளைச் சேலை. மடியில் ஒரு பை. குருவிட்டையில் தேத்தண்ணிக்கு நிறுத்தட்டுமா என்று கேட்டேன். ஸ்டெபானி பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள்.

கல்லறையில் சனம் நிறைந்திருந்தது. சுண்ணாம்பு அடிக்கிறவர்கள், பூ வைக்கிறவர்கள், பிள்ளைகளை அதட்டுகிறவர்கள். செபஸ்தியம்மாவின் இடத்தை ஸ்டெபானி விசாரித்துக் கண்டுபிடித்தாள். சீமெந்து கட்டவில்லை. ஒரு மரச் சிலுவை, சாய்ந்திருந்தது. பிள்ளைகள் கொழும்பில், யாரும் வரவில்லை போலும். புல் முழங்கால் உயரம்.

நான் வேன் பக்கத்தில் நின்றேன். அக்கா பாதி தூரம் போய்த் திரும்பினார்.

"வா."

போனேன். அவர் குனிந்து புல்லைப் பிடுங்கத் தொடங்கினார். நானும் குனிந்தேன்.

"நீ தொடாத."

நிமிர்ந்து நின்றேன். அவரே முழுவதையும் பிடுங்கினார். அரை மணி நேரம் இருக்கும். ஸ்டெபானி சிலுவையை நிமிர்த்திக் கல் வைத்தாள். அக்கா பையிலிருந்து மெழுகுதிரி எடுத்து மண்ணில் நட்டுக் கொளுத்தினார். காற்றுக்குக் கையால் மறைத்துக்கொண்டார். ஜெபம் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அடுத்த காம்பராவில் இருக்கிறவரோடு பேசுகிற குரலில் பேசினார்.

"செபஸ்தி, நீ சொல்லல. நீ பண்ணின சத்தியம் உண்மைதான். நான்தான் நம்பல."

பிறகு எழுந்து என் சட்டைக் கையைப் பிடித்து ஒரு எட்டு முன்னால் இழுத்தார்.

"இந்தா நிக்கிறான் பாரு. இவன்தான்."

பக்கத்துக் கல்லறைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாதிப் பேர் என்னிடம் இருபத்தெட்டு வருஷம் சாமான் வாங்கியவர்கள். அக்கா சட்டையை விடவில்லை. மெழுகுதிரி எரிந்து தீரும்வரை அப்படியே நின்றோம்.